அருமைநாயகத்தின் ஆமென்

கொஞ்சம் தள்ளி உக்காரு எய்யா. முன்னால பொம்பளையாளு சீட்டு காலியாத்தான் கெடக்கு, அது எனக்கும் தெரியும். அங்கன இஞ்சின் சூடு தாங்கல. நான் ஒங்க அம்மா வயசு, நீ ஒண்ணும் கூச்சப்படாத.

கண்டக்டர்ட்ட கிருபையாபுரம்னு சொல்லி டிக்கெட் வாங்குனேல்லா, காதுல விழுந்துச்சு. நானும் அந்த ஊருதான். யாரு வீட்டுக்குப் போறே? யாரையும் தெரியாதா? சும்மா பாக்கவா? எங்க ஊர்ல பாக்க என்ன இருக்கு, ஒரு கோயிலு, ஒரு ரேசன் கடை, ஊருக்கு வெளிய முள்ளுக்காடு. பண்டிகைக்கு வாரவன் வருவான், எழவுக்கு வாரவன் வருவான். சும்மா ஒருத்தன் வந்து நான் பாத்ததில்ல.

பனியன்ல அது என்ன, எழுத்தா? முள்ளுச் செடிய வேரோட பிடுங்கி அப்புன மாதிரி இருக்கு. சிரிக்காத. அந்த முள்ளு எழுத்து எனக்கு நல்லாத் தெரியும். எங்க ஊரு பிளெஸ்வின் போட்ட ஆல்பத்து அட்டையிலயும் இதே கணக்காத்தான் இருக்கும். ‘ஒன்பதாம் மணி.’ சொல்லு, அதக் கேட்டுட்டுத்தானே வாரே?

ஆத்தாடி. தலைய ஆட்டுதியே.

இல்ல, ஒண்ணுமில்ல. பை மடியில இருந்து நழுவுனது பஸ்ஸு ஆட்டத்துல. கவர்மெண்டு பஸ்ஸு அப்படித்தான். மூலைக்கரைப்பட்டில இறங்குனா திருநெல்வேலிக்குத் திரும்பிப் போக நெறைய பஸ்ஸு இருக்கு, எதுக்கும் சொல்லி வைக்கேன். நீ யாரத் தேடி வாரேன்னும் எனக்குத் தெரியும். அந்தக் கடைசிப் பாட்டு முடிஞ்ச பொறவு ஒரு குரலு தனியா நிக்குமே, அந்தக் குரலுக்காரர. சரியா? அது எங்க வீட்டுக்காரருதான். அருமைநாயகம். அவிய செத்துப்போயிட்டாவ எய்யா. ஆகையால நீ அங்க வந்து ஒனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல.

எப்பவா? போன... போன ஐப்பசியில. நெஞ்சு வலி.

மொகம் ஏன் அப்படிச் சுருங்கிப்போச்சு? ஆளு கைக்குத் தப்பிட்டாருன்னு கோவமா? கோவப்பட்டு என்ன செய்ய. கர்த்தர் எடுத்துக்கிட்டாரு.

என்ன நடந்துச்சுன்னு மொதல்ல இருந்து சொல்லுதேன். கேட்டுட்டு நீயே ஒரு முடிவுக்கு வா. எங்க மேல ஒரு தப்பும் கெடையாது. நான் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர், எப்சிபாய்னு கேட்டா ஊர்ல எல்லாரும் சொல்லுவாவ, வாய் தவறிக்கூட பொய் பேசமாட்டேன்.

பிளெஸ்வின் சின்னப்புள்ளையில எங்க கொயர்ல, அதான் கோயில் பாட்டுக் குழுவுல, பாடுனவன். இப்ப பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. போன வருசம் லெந்து நாள்ல, அதான் ஈஸ்டருக்கு முந்துன நோன்பு காலத்துல, வந்து நின்னான். “பெரியம்மா, நாங்க நாலு பேரு சேந்து ஒரு ஆல்பம் போடுதோம். சிம்பொனி மாதிரி பெருசா. கொயர் சத்தம் மெஷின்ல வச்சுப் பாத்தேன், உசிரே இல்ல. நம்ம கொயர் பாடித் தரணும்”னான். ஆல்பத்துக்கு என்னடா பேருன்னு கேட்டோம். ‘ஒன்பதாம் மணி’ன்னான். ஏசு சாமி சிலுவையில உசிர விட்ட நேரம், ஊரே இருட்டாக் கெடந்த நேரம். லெந்து நாள்ல ஒருத்தன் ஒன்பதாம் மணின்னு வந்து நின்னா வேற என்னத்த நெனைக்க? நாங்க பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டுன்னே முடிவு பண்ணிட்டோம். ஐயரு, அதான் எங்க சபை பாதிரியாரு, நாங்க ஐயருன்னுதான் சொல்லுவோம், அவரே வந்து ஜெபம் பண்ணி ஆரம்பிச்சு வச்சுட்டு ஒரு கல்யாணத்துக்குக் கெளம்பிட்டாரு. ஏசப்பா, அந்த ஆல்பத்துக்கு ஜெபம்!

பாட்டுல வார்த்தையே கெடையாது. ஆ, ஊ, அவ்வளவுதான். வார்த்தை எங்கடான்னு கேட்டேன். “வார்த்தைய நாங்க அப்புறம் பாடிக்கிடுதோம் பெரியம்மா”ன்னான். அப்புறம் பாடுனான் பாரு. பன்னிய அறுத்த கணக்கா.

கோவிச்சுக்காத, ஒனக்குப் பிடிச்ச பாட்டு. நான் என் மனசுல பட்டத சொல்லுதேன்.

ஆனா கொயரு நல்லா இருந்துச்சா இல்லையா? அதச் சொல்லு. ம். நாலு பார்ட்டு, சோப்ரானோ, ஆல்டோ, டெனரு, பேஸு, எல்லாம் அட்சரம் பிசகாம. நான் ஆல்டோ, பொம்பளையள்ல தணிஞ்ச குரலு. எங்க வீட்டுக்காரரு பேஸு, ஆம்பளையள்ல அடிக்குரலு. மின்வாரியத்துல லைன்மேனா இருந்தாவ. கம்பத்து மேல நின்னு ஒரு சத்தம் குடுத்தா அடுத்த தெரு ட்ரான்ஸ்பார்மர்ல நிக்கவன் பீஸ் கட்டையப் பிடுங்கிருவான், போனெல்லாம் வேண்டாம். 

இப்ப அந்த ஆமெனுக்கு வாரேன். எங்க கொயர்ல ஒரு பழக்கம். எந்தப் பாட்ட முடிச்சாலும் நாலு பார்ட்டுல ஆமென் பாடித்தான் முடிப்போம். சோறு தின்னா கை கழுவுத மாதிரி. ஆமென் பாடாம வாய மூட எங்களுக்குத் தெரியாது. பாடிப் பதிவு பண்ணுன அன்னைக்குக் கடைசிப் பாட்டு, பிளெஸ்வின் கையக் காட்டி நிப்பாட்டுதான், நாங்க யாரும் பாக்கல. ஆ முடிஞ்சதும் தன்னால ஆமென் வந்துட்டு. அதுலயும் எங்க வீட்டுக்காரருக்கு இன்னொரு பழக்கம். மத்தவங்க மூச்சு விட்டாலும் அவிய கடைசி சுரத்தப் பிடிச்சுக்கிட்டே நிப்பாவ. ஐயரு கையில இருக்க பாட்டுப் புத்தகத்த மூடணும். மூடுனாத்தான் விடுவாவ. அது அவிய அப்பா காலத்து வழக்கம். அன்னைக்கு அங்க ஐயரு இல்ல. மூட ஆளு இல்ல. மனுசன் புத்தகத்துக்கு எங்க போவாரு? நின்னுக்கிட்டே இருக்காவ. மூச்ச வாங்குதது தெரியாம வாங்கிட்டு, நின்னுக்கிட்டே இருக்காவ. எனக்கு பயமாப் போச்சு, மயங்கி விழுந்துருவாவளோன்னு. கடைசில நான்தான் என் கையில இருந்த பேப்பர மடக்குனேன்.

அந்தப் பய அத வெட்டாம அப்படியே ஆல்பத்துல வச்சுட்டான். அதுதான் வினை.

ஆல்பம் வெளிய வந்து ஒரு வாரம் இருக்கும். என் மருமக ஷைனி போனத் தூக்கிட்டு ஓடி வந்தா. “அத்தே, இதக் கேளுங்க.” கேட்டேன். டமடமடமன்னு கொட்டு, நடுவுல ஒருத்தன் அலறுதான், அதுக்குப் பின்னால எங்க கொயரு. நான் பாடுன ஆல்டோ, நல்லாக் கேக்கி. ஷைனிட்ட கேட்டேன், இது என்ன எழவு பாட்டுடின்னு. “சிம்பொனிக் பிளாக் மெட்டல் அத்தே”ங்கா. எனக்கு என்னத்த வெளங்கும்? “இது சாத்தானப் பாடுத ஆளுங்க பாட்டு. ஒரு காலத்துல வெளிநாட்டுல இந்தக் கூட்டத்துல சில பேரு கோயிலயே கொளுத்தியிருக்கானுவளாம்”னு சொல்லுதா. ராத்திரி படுத்தா கண்ண மூடமுடியல.

அதுல இருந்து, பாட்டுக்குக் கீழ சனங்க எழுதுத அபிப்ராயத்த எல்லாம் ஷைனிய வாசிச்சுத் தமிழ்ல சொல்லச் சொல்லுவேன். ஆசைக்கு இல்ல, ஜாக்கிரதைக்கு. யாரு என்ன நெனைக்கான்னு தெரிஞ்சிருக்கணும்லா. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, எடையில கரண்டு போச்சுன்னா ஒரு தடவ.

ஒருத்தன், எந்த நாட்டுக்காரனோ, எழுதியிருந்தான்: கொட்டும் கத்தலும் பழசு, எத்தனையோ தடவ கேட்டாச்சு, அந்த கொயர் மட்டும்தான் உசிரு, யாரு இவங்கன்னு. நல்ல பய. இன்னொருத்தன் வயலின் எல்லாம் மெஷின் சத்தம், கல்யாண வீட்டு கீபோர்டு மாதிரி இருக்குன்னான். அது உண்மைதான். ஒரு எடுபட்ட பய எழுதுனான், மூணாவது பாட்டுல ஆல்டோ கொஞ்சம் சுதி இறங்குதுன்னு. இறங்குதாமே! நாங்க பாடுன பாரிஷ் ஹால்ல, அதான் கோயில் மண்டபத்துல, தலைக்கு மேல ஃபேனு கடகடன்னு ஓடுது, ஃபேனோட சுதி அது. நீ கேட்டேல்லா, இறங்குதா? பாத்தியா. அவனுக்கு காதுல என்னமோ கோளாறு.

ஆனா எல்லாரும் அடிச்சுக்கிட்டது கடைசி ஆமெனுக்குத்தான். ஒருத்தன் சொல்லுதான், சாத்தான் பாட்டு முடியுத எடத்துல ஆமென வச்சு சாமியவே கேலி பண்ணிட்டானுவ, இத மிஞ்ச ஆளு இல்லன்னு. அதுக்கு ஆயிரம் பேரு கை தட்டுதானுவ. எங்களுக்கு அது கேலியா? வாயில தன்னால வந்தது எய்யா! இன்னொருத்தன் சொல்லுதான், இவனுவ கேலி பண்ணல, நெசமாவே கோயிலுக்காரனுவ, நம்ம கூட்டத்துல பூந்து ஏமாத்திட்டானுவ, துரோகி, கொளுத்தணும்னு. நம்ம சனத்துலயும் ஒருத்தரு ஓயாம எழுதுனாரு, தேவ தூஷணம், அந்த கொயரையே சபைய விட்டு விலக்கணும்னு. அந்தப் பக்கத்துக்காரனும் அடிக்கான், இந்தப் பக்கத்துக்காரனும் அடிக்கான். ஒரு ஆமெனுக்கு.

நான் பதில் ஒண்ணும் எழுதல. ஷைனி போன்ல இருந்து ஒரே ஒரு கை கும்பிடுத படம் போட்டேன். அதுக்கும் யாரோ லைக் போட்டிருந்தானுவ.

இரு, போன் அடிக்கி. ...ஒண்ணுமில்ல, லோன் வேணுமாம்பான், கட் பண்ணிட்டேன்.

எங்க விட்டேன்? ஆமா. பிளெஸ்வின் பய அட்டையில நன்றி போட்டிருந்தான், கிருபையாபுரம் பாடகர் குழுவினருக்குன்னு, ஊரு பேரோட. அத வச்சு ஒருத்தன் எழுதியிருந்தான் பாரு, அதத்தான் நான் மறக்கல. மண்டையோட்டுப் படம் வச்ச ஆளு. தமிழ இங்கிலீசு எழுத்துல எழுதியிருந்தான். “அந்தக் கடைசிக் குரல் யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன். ஒரு நாள் அந்த ஊருக்கே வருவேன்.” ஷைனி வாசிச்சுட்டு சிரிக்கா. நான் அன்னைக்கு ராச்சோறு திங்கல. கோயிலு கதவ ரெண்டு தடவ போய் இழுத்துப் பாத்தேன். எங்க வீட்டுக்காரருட்ட ஒரு வார்த்த சொல்லல. அவிய பட்டன் போன்தான், ஒரு அபிப்ராயமும் தெரியாது. “நம்ம பாட்ட வெள்ளைக்காரன் கேக்கானாம்லா எப்சி”ன்னு ஒரே சந்தோசம். மூட்டு வலியோட மூணு மைலு சைக்கிள் மிதிச்சு சொந்தக்காரன் வீடெல்லாம் சொல்லிட்டு வாராவ. வந்தாவ. அப்போ வந்தாவ.

கழுத்த ஏன் பாக்கே? தாலியா? அது... எங்க ஊர்ல கழத்தமாட்டோம். அது அப்படி ஒரு வழக்கம்.

இந்தப் பையிலயா? மருந்து. மூட்டுக்குப் போடுத பட்டையும், தொண்டைக்கு அதிமதுரமும். எங்க அண்ணனுக்கு. அண்ணனும் பாடுவாவ.

என்ன நோக்காடுன்னு மறுபடியும் கேக்கே? மஞ்சக்காமாலைன்னு சொன்னேம்லா. நெஞ்சு வலின்னா சொன்னேன்? மஞ்சக்காமாலை முத்துனா நெஞ்சுக்கு ஏறும் எய்யா, ஒனக்கு வயசு பத்தாது. வெள்ளப் பெட்டி. கொயரே வந்து பாடிச்சு. பேஸு இல்லாமப் பாட்டு மொட்டையா நின்னுச்சு. எல்லாம் என் கண்ணுக்கு முன்னால நிக்கி.

ஏன் எய்யா? ஏன் கண்ணத் தொடைக்கே?

தூசியா. சன்னல் சாத்தித்தான இருக்கு.

மறுபடியும் போன். இந்தக் கம்பெனிக்காரனுக்கு வேற வேலையே கெடையாது.

மூலைக்கரைப்பட்டி வந்துட்டு பாரு. இறங்குதியா? அந்தா நிக்கி திருநெல்வேலி வண்டி, ஓடிப்போனா பிடிச்சிரலாம். இறங்கமாட்டியா? கல்லறையவாவது பாக்கணுமா? அது எதுக்கு ஒனக்கு கல்லறை? செத்தவர விட்டுருப்பா. ஏய், பையில கைய விடாத. என்ன எடுக்கே? கண்டக்டரு தம்பி! கண்டக்டரு...

இல்ல இல்ல, ஒண்ணுமில்ல கண்டக்டரு. நீங்க போங்க. சில்லறை கேக்கலாம்னு பாத்தேன்.

இதுவா? இந்த ஆல்பமா? சிடி தட்டு, கூட ஒரு சின்னப் புத்தகம். இது எதுக்கு? ...கையெழுத்து வாங்கவா? அவியட்டயா?

எந்த ஊரு நீ? ஈரோடா. என்ன வேலை? கண்ணாடிக் கடையில கண்ணு டெஸ்ட் பண்ணுதியா. அம்மா இருக்காவளா? இல்லையா. எப்ப? ...ம். அவியளப் பொதச்சுட்டு வந்து, அன்னைக்கு ஹெட்போன்ல இதக் கேட்டியா. கத்தல் எல்லாம் கேட்டு, கடைசில எல்லாரும் விட்ட பொறவும் ஒருத்தரு விடாம நின்னாரா. ஒன்னைய விட்டுட்டுப் போகாத ஆளு ஒருத்தரு இருக்காருன்னு பட்டுச்சா.

மண்டையோட்டுப் படம் நீதானா?

அத ஏன் எய்யா அப்படி எழுதுனே? விடமாட்டேன், ஊருக்கே வருவேன்னு! ஒரு வார்த்த, பாட்டு நல்லா இருந்துச்சுங்கய்யா, கும்பிட வாரேன்னு எழுதியிருந்தா நான் நிம்மதியா சோறு தின்னிருப்பேன்லா.

அழாத. நீ அழாத. சொல்லுதேன். ஏசப்பா, நான் எப்படிச் சொல்ல. எய்யா, அவிய சாகல. நான் பொய் சொன்னேன். நீ கொல்ல வாரேன்னு நெனச்சுட்டேன். நெஞ்சு வலியும் இல்ல, மஞ்சக்காமாலையும் இல்ல, வெள்ளப் பெட்டி எதுத்த வீட்டு தங்கபுஷ்பத்துக்க வீட்டுக்காரருக்கு வச்சது. அவிய குத்துக்கல்லு மாதிரி வீட்டுல இருக்காவ. போன்ல கூப்பிட்டதே அவியதான். இந்தா, போட்டுத் தாரேன், நீயே கேளு.

அடிக்கி.

எடுக்கமாட்டங்காவ.

சாயங்காலம் வீட்டுலதான் இருப்பாவ. போன சட்டைப் பையிலயே வச்சிருப்பாவ, குளிக்கப் போனாலும் ஜன்னல்ல வச்சுட்டுத்தான் போவாவ. மறுபடியும் போடுதேன். ...இல்ல. ஏதோ சொல்லத்தான் கூப்பிட்டிருக்காவ, நான் மடச்சி கட் பண்ணிக் கட் பண்ணி விட்டுட்டேன். நெஞ்சு வலின்னு கூப்பிட்டாவளோ? நான் என் வாயால நெஞ்சு வலின்னு சொன்னேம்லா? ஐப்பசின்னு நாளுங்கூடக் குறிச்சனே. நல்லா இருக்க மனுசனுக்குப் பெட்டி எல்லாம் செஞ்சு, கொயர வேற வரச்சொல்லி... கர்த்தாவே, அது என் வாயில வந்ததுதான், மனசுல வந்ததில்ல. ஒமக்குத் தெரியும்லா.

மருமகளுக்குப் போட்டா பிஸிங்கு. யாருட்டடி பேசுதே? ஏன் இப்ப பிஸி?

என் கையப் பிடிச்சுக்க எய்யா. விடாத. இட்டமொழி தாண்டியாச்சு, இன்னும் செத்த நேரம்தான். டிரைவரு ஏன் இப்படி உருட்டுதாரு, கொஞ்சம் வெரசாப் போனா என்ன? அந்தா தெரியுதுல்லா, அதான் எங்க கோயில் கோபுரம். மணி அடிக்கா? நல்லாக் காதக் குடுத்துக் கேளு, ஒனக்குத்தான் காது நல்லா இருக்கு. சாவுன்னா எங்க கோயில்ல விட்டு விட்டு அடிப்பாவ. அடிக்கலயா? நிச்சயமா அடிக்கலயா?

வேப்பமரத்தடியில கூட்டம் நிக்கி. எதுக்குக் கூட்டம்? இல்ல, அது சொசைட்டிக்குப் பால் ஊத்த வந்தவங்க.

அந்தா.

அந்தா பாரு. சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு, ஒத்தக் கால மட்டும் ஊனி நிக்காவ பாரு. நெத்தியில கைய வச்சு பஸ்ஸப் பாக்காவ. அதுதான் எய்யா. அதுதான் அவிய. தோத்திரம், தோத்திரம், தோத்திரம். இறங்கு, இறங்கு, பைய எடு, ஆல்பத்த எடு. கண்டக்டரு, ஆளு இறங்கணும்!

என்னங்க! ஏன் போன எடுக்கல? வீட்டுல வச்சுட்டு வந்துட்டேளா? யாரு வரச்சொன்னா, மூட்டு வலியோட? நான் பத்து தடவ கூப்பிட்டேன். நான் எத்தனை தடவ கட் பண்ணேன்னு அப்புறம் கணக்குக் கேளுங்க, இப்ப வாய மூடுங்க. இல்ல, மூடாதீங்க, பேசுங்க. எப்சின்னு கூப்பிடுங்க. இன்னொரு தடவ. ...அழல நான், தூசி.

எய்யா, கேட்டியா? அதே குரலா? ஏன் அப்படியே நின்னுட்டே, கிட்ட வா.

இது ஈரோட்டுப் பையன்ங்க. ஒங்கள... ஒங்களப் பாக்கத்தான் வந்திருக்கான். பனியன அப்புறம் திருப்பிப் போட்டுக்கிடுவான், ஐயரு கண்ணுல படாம. அவங்க அம்மா தவறிப்போயிட்டாவளாம். அவனுக்கு ஒரு ஆமென் பாடுங்க. ஆமா, இங்கனயே. பால்காரங்க பாத்தா பாக்கட்டும்.

எய்யா, அந்தச் சின்னப் புத்தகம் கையில இருக்குல்லா? விரிச்சு வச்சுக்க. இவிய முன்னால நில்லு. நீ மூடுனாத்தான் நிப்பாட்டுவாவ.

ம், ஆரம்பிச்சாச்சு.

மூடாத எய்யா. இப்ப மூடாத. இன்னும் கொஞ்ச நேரம்.